கரண்ட் வைப்பதற்கு முன்னால் ஆகும் செலவு

(அனுமந்தையில் தம்பதியருக்காக ஆற்றிய குடும்ப நல உரை)



குடும்ப நலப் பேச்சு என்றால் பிள்ளை பெறுவதையும் நிறுத்துவதையும் பற்றியதுதான் என்று பலர் எண்ணுகிறார்கள். வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று டாக்டர் சொல்லிவிட்டால் அந்தக் குடும்பத்தின் நலம் என்ன ஆகிறது என்பதும் எங்கள் கவலைதான். ஆகவே இன்று, ஊரில் நாம் "கரண்ட் வைக்கிறது" என்று சொல்கிறோமே, அந்தக் கதிர்வீச்சு சிகிச்சையைப் பற்றி, அதிலும் அதன் செலவைப் பற்றிப் பேசப் போகிறோம். அது கரண்ட் அல்ல. எக்ஸ்ரேயைப் போன்ற, ஆனால் அதைவிடப் பல மடங்கு வலுவான கதிர். ஷாக் அடிக்காது, அந்த நேரத்தில் வலிக்காது. இருந்தாலும் நம் ஊர்ப் பேச்சிலேயே பேசுவோம், கரண்ட் என்றே சொல்வோம்.

இந்தச் சிகிச்சைக்குப் போன குடும்பங்களிடம் அடிக்கடி கேட்கிற குறை ஒன்று உண்டு. "பத்து நாளா அலையறோங்க. ஸ்கேன் எடுத்தாங்க, மையால கோடு போட்டாங்க, போயிட்டு வாங்கன்னுட்டாங்க. இன்னும் ஒரு நாள்கூட கரண்ட் வைக்கல. பஸ்ஸுக்கே காசு தீந்துபோச்சு." இப்படிச் சொல்லிக்கொண்டு சிலர் அந்தக் கட்டத்திலேயே நின்றுவிடுகிறார்கள். நாட்டு மருந்துக்குப் போய்விடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து அதே ஆஸ்பத்திரிக்கு வரும்போது நோய் முற்றி இருக்கும்.

அந்தப் பத்து நாளில் உண்மையில் என்ன நடக்கிறது? உப்பளம் தெரிந்த உங்களுக்கு இதைச் சொல்வது சுலபம். மழைக்காலம் முடிந்ததும் யாராவது நேராகப் போய் உப்பு வாருகிறார்களா? சேற்றை அள்ளி, வரப்பைக் கட்டி, பாத்தியை நாள் கணக்கில் காலால் மிதித்துச் சமன் செய்த பிறகுதானே தண்ணீர் கட்டுகிறோம்? பாத்தி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் உப்பு ஒழுங்காக விளையுமா? வழியில் போகிறவர் கண்ணுக்குக் குவித்து வைத்த உப்புதான் தெரியும். மிதித்த காலின் கஷ்டம் மிதித்தவருக்குத்தான் தெரியும். கதிர்வீச்சிலும் அப்படித்தான். மேஜையில் படுத்துக் கரண்ட் வாங்குவது ஒரு நாளைக்குச் சில நிமிட வேலை. அதற்கு முன்னால் நடக்கிற ஏற்பாட்டைத்தான் திட்டமிடல் என்கிறார்கள். மூளைக்கு வேலை, ஆளுக்கு வேலை, செலவு எல்லாம் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

வாயில் புற்றுநோய் உள்ளவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். புகையிலை அடக்கும் பழக்கம் நம் பக்கத்தில் ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. முதலில் பல் டாக்டர் பார்த்து, சொத்தைப் பல் இருந்தால் பிடுங்குவார். கரண்ட் வைத்த தாடையில் பிறகு பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாமல் போகலாம். அடுத்து ஒரு பிளாஸ்டிக் வலையை வெந்நீரில் போட்டு எடுப்பார்கள். இளகிய அந்த வலையை முகத்தின் மேல் வைத்து அழுத்தினால், அவருடைய மூக்கு, தாடை, நெற்றிக்கு ஏற்றபடி படிந்து சில நிமிடத்தில் இறுகிவிடும். இதுதான் மாஸ்க். தலை ஒரு நெல் அளவுகூட அசையாமல் தினமும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக இது. ஒருவர் மாஸ்க் இன்னொருவருக்கு உதவாது.

மாஸ்க்கோடு படுக்க வைத்து ஸ்கேன் எடுப்பார்கள். நோயைக் கண்டுபிடிக்க முன்பு எடுத்த ஸ்கேன் வேறு, இது வேறு. "ஏற்கெனவே ஸ்கேன் எடுத்தாச்சே, மறுபடியும் எதுக்கு?" என்று சண்டை போட வேண்டாம். சிகிச்சைக்கு எப்படிப் படுக்கப் போகிறாரோ அப்படியே படுக்க வைத்து எடுப்பது இது. பிறகு டாக்டர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, ஒவ்வொரு படமாகப் பார்த்து, நோய் இருக்கும் இடத்தைச் சுற்றிக் கோடு வரைவார். தண்டுவடம், எச்சில் சுரப்பி, கண் என்று காப்பாற்ற வேண்டியதையும் வரைவார். அடுத்து மருத்துவ இயற்பியலாளர் என்று ஒருவர் இருக்கிறார். அவரை நோயாளி பெரும்பாலும் பார்க்கவே மாட்டார். கதிர் எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு வர வேண்டும் என்று கணக்குப் போடுகிறவர் அவர். போட்ட கணக்கை மெஷினில் வைத்துச் சரிபார்க்கிறவரும் அவரே. கணக்கு பிசகினால் நோய்க்குப் போக வேண்டியது நல்ல சதைக்குப் போய்விடும். சாதாரணத் திட்டம் ஓரிரு நாளில் முடியும். நுட்பமான திட்டத்துக்கு ஒரு வாரமும், கூட்டம் உள்ள இடத்தில் அதற்கு மேலும் ஆகலாம். சும்மா காக்க வைக்கிறார்கள் என்று நினைத்த அந்த நாட்கள் இவைதான்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு மாஸ்க் இல்லை. அடிவயிற்றிலும் இடுப்பிலும் மையால் குறி போடுவார்கள். அதைத் தேய்த்துக் குளித்துவிடக் கூடாது. திட்ட ஸ்கேன் அன்று எவ்வளவு தண்ணீர் குடித்து, எவ்வளவு நேரம் மூத்திரத்தை அடக்கி இருக்கச் சொன்னார்களோ, சிகிச்சை நடக்கும் ஒவ்வொரு நாளும் அதே அளவில் இருக்க வேண்டும். மூத்திரப்பை நிரம்புவதையும் காலியாவதையும் பொறுத்துக் கர்ப்பப்பை இடம் மாறும். ஒரு சொம்புத் தண்ணீரில்கூட டாக்டர் போட்ட கணக்கு அடங்கியிருக்கிறது.

இனி காசு விஷயத்துக்கு வருவோம்.

இந்த வேலைக்கு உள்ள மெஷின்கள் பல கோடி ரூபாய் விலை பெறுபவை. அறைச் சுவரே கோட்டை மதில் போலக் கனமான கான்கிரீட். பழைய வகையான கோபால்ட் மெஷினில் உள்ள கோபால்ட்-60 என்ற பொருள் ஏறக்குறைய 5 ஆண்டு 3 மாதத்தில் பாதியாகக் குறைந்துவிடும். நீங்கள் படுத்தாலும் படுக்காவிட்டாலும் அது தேய்ந்துகொண்டே இருக்கும். பிறகு மாற்ற வேண்டும். இந்தச் செலவையெல்லாம் யார் ஏற்பது?

தமிழ்நாட்டில் அரசு ஆஸ்பத்திரியில் ஏழைகளுக்குச் சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை இல்லை என்பதற்காக அங்கே திரும்பி வர வேண்டியதில்லை. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் 1969-ல் தொடங்கிய அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை அரசுடையது. நமக்கு இன்னும் பக்கம், புதுச்சேரி ஜிப்மர். அது மத்திய அரசின் நிறுவனம். அங்கே புற்றுநோய்க்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. சென்னை அடையாறில் 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய புற்றுநோய் நிலையம் தொண்டு முறையில் நடப்பது.

காப்பீடு என்பது 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக வந்தது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமானது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பம் இதில் சேரலாம். 2022 ஜனவரியில் போட்ட ஐந்தாண்டு ஒப்பந்தத்தின்படி, ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. அதற்கு அரசு யுனைடெட் இந்தியா கம்பெனிக்குக் கட்ட ஒப்புக்கொண்ட பிரீமியம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாய். நீங்கள் ஒரு பைசா கட்டவில்லை.

இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நோயாளியின் சிகிச்சைக்கு ஒரு லட்சம் ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 118 குடும்பங்களின் ஓராண்டு பிரீமியம். நோய் வராத 118 வீடுகளின் பங்கு ஒரு வீட்டுக்குப் போகிறது. சீட்டுப் பிடிக்கிற தாய்மார்களுக்கு இது புரியும். ஆனால் இந்தச் சீட்டில் எடுக்காமலே இருந்துவிடுவதுதான் லாபம்.

காப்பீட்டுக்காரர்கள் ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியாகப் பணம் தருவதில்லை. இன்ன சிகிச்சைக்கு மொத்தம் இவ்வளவு என்று தொகுப்பாகத்தான் தருவார்கள். ஆஸ்பத்திரி முதலில் ரிப்போர்ட்டுகளை அனுப்பி முன் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி வருவதற்கு முன்னால் அவசரப்பட்டு வெளியில் காசு கொடுத்து எதையும் செய்துவிட்டால், அந்தக் காசு திரும்பாமல் போகலாம். ஆகையால் திட்ட ஸ்கேன் எடுப்பதற்கு முன்பே ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டுப் பிரிவுக்குப் போய் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த ஆஸ்பத்திரியில் இந்தச் சிகிச்சைக்கு என் அட்டை செல்லுமா? மாஸ்க், ஸ்கேன், திட்டமிடல் எல்லாம் அந்தத் தொகுப்பில் அடக்கமா? உள்ளே குழாய் வைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சுக்கு வேறு அனுமதி வாங்க வேண்டுமா? இதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். நாற்காலி போட்டு அவர்கள் உட்கார்ந்திருப்பதே இதற்காகத்தான்.

தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் இன்னும் கவனமாகப் பில்லைப் பார்க்க வேண்டும். அங்கே மாஸ்க்குக்கு ஒரு வரி, ஸ்கேனுக்கு ஒரு வரி, திட்டமிடலுக்கு ஒரு வரி, பிறகு நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று இருக்கும். ஒரே வேலைக்கு இரண்டு வரி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். படித்தவர்கள் நாட்டிலும் இது நடக்கிறது. அமெரிக்காவில் முதியோருக்காக அரசு நடத்தும் காப்பீட்டுக்கு மெடிகேர் என்று பெயர். நுட்பமான கதிர்வீச்சுத் திட்டமிடலுக்கு அது தரும் தொகையிலேயே அதைச் சார்ந்த ஸ்கேன் ஏற்பாடும் அடக்கம். இருந்தும் ஆஸ்பத்திரிகள் அதற்குத் தனியாகவும் பில் போட்டிருந்தன. 2013 முதல் 2015 வரையில் இப்படி அதிகமாகப் போன பணம் சுமார் 2 கோடியே 15 லட்சம் டாலர் என்று அந்த அரசின் தணிக்கைப் பிரிவு 2018-ல் கணக்கிட்டது. அங்கே பார்த்துச் சொல்லத் தணிக்கைக்காரர் இருந்தார். தனியார் ஆஸ்பத்திரி கவுண்டரில் நமக்கு நாம்தான்.

இன்னொன்று. விலை உயர்ந்த திட்டம்தான் நல்ல திட்டம் என்று நம்பி நிலத்தை அடமானம் வைக்காதீர்கள். கண்ணுக்கும் மூளைத்தண்டுக்கும் பக்கத்தில் நோய் இருந்தால் நுட்பமான திட்டம் தேவைப்படும். எல்லா நோய்க்கும் அது தேவையில்லை. எலும்புக்குப் பரவி வலியால் துடிக்கிறவருக்குப் பல சமயம் ஒரே ஒரு நாள் கரண்ட் போதும். பல நாள் வைத்தாலும் வலி குறைவது ஏறக்குறைய அதே அளவுதான் என்று ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். "ஐயா, எங்களுக்கு எளிய திட்டம் போதுமா, இதுதான் வேணுமா?" என்று டாக்டரையே நேராகக் கேளுங்கள்.

ஆஸ்பத்திரிச் செலவைக் காப்பீடு ஏற்றாலும், வீட்டுச் செலவை யார் ஏற்பது? இதைத்தான் எந்தப் பில்லிலும் காணோம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வெளியிலிருந்து கொடுக்கும் கதிர்வீச்சு சாதாரணமாக 25 நாள். வாரத்துக்கு 5 நாளாக 5 வாரம். மனைவியோடு கணவரும் போகிறார். ஒரு ஆளுக்குப் போக வர பஸ்ஸுக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேருக்கு 25 நாளைக்கு 5,000 ரூபாய். ஒரு நாள் கூலி 500 ரூபாய் என்றால், இருவருக்கும் 25 நாளில் போகிற கூலி 25,000 ரூபாய். ஆக 30,000 ரூபாய். திட்டமிடலுக்காக முதலில் நடந்த நான்கைந்து நடை இதில் சேரவில்லை. உப்பு வாருகிற பருவத்தில் இது வந்துவிட்டால், மழை மாதங்களுக்கு ஒதுக்கி வைக்க வேண்டிய பணமும் கரைந்துவிடும்.

ஆகவே கரண்ட் தொடங்கும் முன், கணவனும் மனைவியும் உட்கார்ந்து குடும்பத்துக்கும் ஒரு திட்டம் போட வேண்டும். எல்லா நாளும் கணவரே போக வேண்டியதில்லை. ஒரு நாள் நாத்தனார், ஒரு நாள் அக்கா என்று முறை வைக்கலாம். அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே முதல் டிக்கெட் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓடுகிற எல்லா பஸ்ஸுக்கும் இது பொருந்தாது, எந்த பஸ் என்று கேட்டு ஏறுங்கள். சென்னைக்கு ரயிலில் போகிறவர்கள், ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்கிய படிவத்தைக் காட்டினால் இரண்டாம் வகுப்பில் நோயாளிக்கும் துணைக்கு ஒருவருக்கும் கட்டணத்தில் முக்கால் பங்கு தள்ளுபடி கிடைக்கும். தினம் போய் வர முடியாத தூரமென்றால், தங்க இடம் உண்டா என்று ஆஸ்பத்திரிச் சமூகப் பணியாளரை முதல் நாளே கேளுங்கள். பதினைந்தாம் நாள் கேட்டு என்ன பயன்?

இவ்வளவு ஏன் சொல்கிறோம் என்றால், பாதியில் நிற்பதைப் போல நஷ்டம் வேறில்லை. திட்டம் போட்ட செலவு ஒரு முறை ஆகிவிட்டது. பத்து நாள் கரண்ட் வாங்கிவிட்டு, ஊரில் கூழ் ஊற்றுகிறார்கள், சொந்தத்தில் கல்யாணம் என்று இரண்டு வாரம் நின்றால் நோய் மறுபடி வளரும். திரும்பிப் போகும்போது உடம்பு மாறியிருந்தால் புது ஸ்கேன், புதுத் திட்டம். அதே செலவு இரண்டாம் முறை. கர்ப்பப்பை வாய் நோயில் முதல் நாள் தொடங்கி எல்லாச் சிகிச்சையும் 8 வாரத்துக்குள் முடிய வேண்டும் என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு. அதற்குமேல் நீள நீள, குணமாகும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

இந்த 8 வாரத்தில் முக்கியமான ஒரு படி இருக்கிறது. 25 நாள் முடிந்ததும் ரத்தப் போக்கு நின்றிருக்கும், வெள்ளைப்படுதல் குறைந்திருக்கும். "எனக்குச் சொகமாயிடுச்சி, வூட்டுக்குப் போலாங்க" என்று மனைவி சொல்வார். கணவருக்கும் அதுவே சரி என்று தோன்றும். அப்போதுதான் போகக் கூடாது. கர்ப்பப்பைக்குள் குழாய் வைத்து, நோய்க்கு மிக அருகிலிருந்து கொடுக்கிற கதிர்வீச்சு பாக்கி இருக்கிறது. சில தடவை செய்வார்கள். மயக்க மருந்து கொடுத்துக் குழாய் வைத்து, படம் எடுத்து, கணக்குப் போட்டுத்தான் அதையும் கொடுப்பார்கள். இதை விட்டுவிட்டு வருவது, பாத்தி மிதித்து, தண்ணீர் கட்டி, உப்பு விளைந்த பிறகு வாராமல் மழைக்கு விட்டுவருவது போல.

சாப்பாட்டிலும் காசு இருக்கிறது. "பத்தியம்" என்று சொல்லி நோயாளிக்கு மீனையும் முட்டையையும் நிறுத்திவிடுகிறார்கள். கடற்கரையில் இருந்துகொண்டு வெறும் கஞ்சி கொடுக்கிறார்கள்! வாய், தொண்டை நோயாளி இளைத்தால் மாஸ்க் தொளதொளத்துப் போகும். தொளதொளத்தால் புது மாஸ்க், புது ஸ்கேன், புதுத் திட்டம். டாக்டர் தடுத்தாலொழிய மீன், முட்டை, பருப்பு, பால் எதையும் நிறுத்தாதீர்கள். விழுங்க முடியாவிட்டால் மசித்துக் கொடுங்கள். மூக்கு வழியாக டியூப் வைக்கலாம் என்று டாக்டர் சொன்னால் பயப்பட வேண்டாம்.

தம்பதிகளுக்கென்று தனியாகச் சில விஷயம். மாதவிலக்கு நிற்காத பெண்ணாக இருந்தால், கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் திட்ட ஸ்கேனே எடுப்பார்கள். நாள் தள்ளிப் போயிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். கருவிலிருக்கும் குழந்தைக்குக் கதிர்வீச்சு பெருங்கேடு. அடிவயிற்றில் முழுச் சிகிச்சை பெற்ற பெண்ணுக்கு மாதவிலக்கு நின்றுவிடும், பிறகு குழந்தை பிறக்காது. குழந்தை வேண்டும் என்ற நிலையில் உள்ள இளம் தம்பதிகள் இதைத் திட்டமிடும் முன்பே டாக்டரிடம் பேச வேண்டும், பிறகு அல்ல. சேர்ந்து வாழ்வதைப் பற்றியும் கூச்சப்படாமல் கேளுங்கள். எப்போது சேரலாம், பிறப்பு வழி சுருங்காமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித் தருவார்கள். கணவர்மார்களே, இந்த நோய் தொட்டால் ஒட்டிக்கொள்வது அல்ல. வெளியிலிருந்து வைத்த கரண்ட் உடம்பில் தங்குவதும் இல்லை. சிகிச்சை முடித்து வந்த தாய் அன்று மாலையே பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளலாம். தட்டைத் தனியாக வைத்து, பாயைத் தனியாகப் போட்டு அவளை ஒதுக்குவது எந்த டாக்டரும் சொல்லாத வைத்தியம்.

கர்ப்பப்பை வாய் நோயைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் பல பெண்களுக்கு இந்தத் திட்டம், கரண்ட் எதுவுமே தேவைப்படாது. 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்க்கிறார்கள். காடி போன்ற ஒரு திரவத்தைத் தடவிப் பார்ப்பார்கள். சில நிமிடந்தான். வலி கிடையாது. உப்பளத்திலிருந்து திரும்புகிற வழியில் பார்த்துக்கொண்டு வரலாம்.

காப்பீட்டு அட்டை இல்லாத குடும்பங்கள் நோய் வரட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே எடுத்துவிடுங்கள். ரேஷன் கார்டு, குடும்பத்தில் உள்ள எல்லோருடைய ஆதார், வருமானச் சான்று இவை வேண்டும். வருமானச் சான்றுக்கு முதலில் கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள். விழுப்புரம் கலெக்டர் ஆபீசில் காப்பீட்டுத் திட்ட மையம் இருக்கிறது, அங்கே படம் எடுத்துப் பதிவு செய்வார்கள். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற எண்ணுக்கோ, 104-க்கோ போன் செய்து கேளுங்கள், காசு பிடிக்காது. சென்ற ஆண்டு கல்யாணமாகி வந்த மருமகளின் பெயரும் பிறந்த குழந்தையின் பெயரும் ரேஷன் கார்டில் ஏறியிருக்கிறதா என்று வீட்டுக்குப் போனதும் முதலில் எடுத்துப் பாருங்கள்.